கருகிய கடைசிப் பக்கம்

என் அம்மாவை எங்கள் தெருவில் இஸ்திரியம்மா என்பார்கள். மருத்துவமனைக்கு எதிர்ச் சந்தில் ஒரு சின்ன சலவைக் கடை. அப்பா துவைப்பார், அம்மா தேய்ப்பாள். மருத்துவர்களின் வெள்ளைக் கோட்டும் செவிலியர் சீருடையும் தேய்த்துத்தான் என்னைப் படிக்க வைத்தாள். நானும் செவிலியாகி என் சீருடையை அவள் மேசையில் கொண்டுபோய் வைத்த அன்று அவளுக்குத் தலைகால் புரியவில்லை. "இது என் பொண்ணு யூனிஃபார்ம், கை வைக்காதீங்க" என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவள் வாய் ஓயாது. கோபம் வந்தால் மட்டும்தான் மூடும். கடல் தாண்டி ஒரு மருத்துவமனையில் எனக்கு வேலை கிடைத்தது. அவளைக் கேட்காமலே சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்றோடு என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். எனக்குச் சொல்ல வேண்டியதை அப்பாவிடம் சொல்வாள், அதுவும் உரக்க.

"அவகிட்ட சொல்லுங்க, சோறு ஆறுது."

நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன். அப்பா என் பக்கம் திரும்பி, "ஆறுதாம்" என்பார்.

அந்தச் சமயத்தில்தான் நூலகத்திலிருந்து ஒரு அயர்லாந்து நாவலைக் கொண்டுவந்திருந்தேன். தமிழில் பெயர்த்தது, செங்கல் கனம். பழைய காலத்துக் கதை. விளைச்சல் பொய்த்துப்போன ஊர், குத்தகை கேட்டு மிரட்டும் நிலக்காரர், பிழைக்க வழியில்லாமல் கப்பலேறப் போகும் ஒரு பெண். நான் பாதிகூடத் தாண்டவில்லை, அம்மா அதைக் கைப்பற்றிவிட்டாள். மகளிடம் பேசாமல் இருந்தால் பொழுது போக வேண்டுமே!

அந்த ஊர்ப் பெயர்கள் அவள் வாயில் நுழையவில்லை. அவளே பெயர் வைத்துக்கொண்டாள். மகள் கப்பல்காரி, தாய் அடுப்படிக்காரி. ஒரு கை துணியைத் தேய்க்கும், ஒரு கை பக்கத்தைப் புரட்டும். விமர்சனம் மட்டும் அப்பாவுக்கு.

"எப்ப பாரு மழைங்க அந்த ஊர்ல! துணி எப்படித்தான் காயுமோ."

மறுநாள், "ஒரு கல்யாணத்துக்கு எத்தனை மாடுன்னு பேரம் பேசுறாங்க. பாதிரியார் வந்து பஞ்சாயத்து பண்றார். பக்கத்து வீட்டுக்காரி சன்னல்ல காதை வச்சுக்கிட்டே நிக்கிறா. எந்த ஊருக்குப் போனாலும் இதே கூத்துதான் போல" என்றாள். எழுதியவர் கெட்டிக்காரர், ஆனால் அந்த நிலக்காரரை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருக்க வேண்டும் என்பது அவள் கட்சி.

கதையின் முடிவில் கப்பல்காரி புறப்படுகிறாள். போனால் திரும்பி வருவது நிச்சயமில்லை என்பதால், செத்தவருக்குக் கூடுவது போல உறவெல்லாம் முந்தின இரவே கூடி, பாடி, அழுது வழியனுப்புகிறது. பெற்றவள் மட்டும் அடுப்பைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். ஒரு வார்த்தை பேசவில்லை.

"என்ன பொம்பளைங்க இவ! கல்லு மனசுக்காரி!"

அப்பா போர்வையைப் பிழிந்தபடியே, "ஆமா, அப்படியும் சிலபேர் இருக்கத்தான் செய்றாங்க" என்றார். அம்மா அவரை முறைத்த முறைப்பில் போர்வை தானாகக் காய்ந்திருக்கும்.

முறைத்த வேகத்தில் கை பட்டு, புத்தகம் கஞ்சி வாளிக்குள் விழுந்தது. வேறு யாராக இருந்தாலும் வெயிலில் காயவைத்திருப்பார்கள். அம்மாவுக்கு ஈரம் என்றால் இஸ்திரிதான். பக்கம் பக்கமாகத் தேய்த்தாள். விறைப்பாக, மொடமொடவென்று வந்தது புத்தகம். கடைசிப் பக்கத்துக்கு வந்தபோதுதான் விபரீதம். இஸ்திரிப் பெட்டியை வலப்பக்கத்துத் தாளின் மேல் வைத்துவிட்டு, இடப்பக்கத்தைப் படிக்க ஆரம்பித்துவிட்டாள். வாசலில் வண்டி நிற்கிறது, மகள் ஏறப்போகிறாள், அடுப்படிக்காரி இன்னும் எழுந்திருக்கவில்லை. புகை மூக்கில் ஏறிய பிறகுதான் பெட்டியைத் தூக்கினாள். கடைசிப் பக்கத்தில் பெட்டியின் வடிவத்தில் ஒரு கருப்பு. ஓர் எழுத்து மிச்சமில்லை.

என்னைப் பார்த்தாள். நேராக என்னையே.

"கடைசியில என்னடி ஆச்சு? அவ வெளிய வந்தாளா?"

இத்தனை நாளுக்குப் பிறகு என்னிடம் அவள் பேசிய முதல் பேச்சு அது.

"தெரியலைம்மா. நான் பாதிதான் படிச்சேன். நீ என்ன நினைக்கிற?"

கொஞ்ச நேரம் கருகலைத் தடவிக்கொண்டிருந்தாள். "வந்திருப்பா. பெத்தவ வராம இருப்பாளா?" என்றாள். அதோடு மறுபடி வாயை மூடிக்கொண்டு, தேய்க்க அடுத்த வெள்ளைக் கோட்டை எடுத்தாள்.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தபோது நூலகத்து அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "புத்தகத்துக்குக் கஞ்சி போட்டு இஸ்திரி போட்டவங்களை இப்பத்தான் பாக்குறேன்" என்றார். வேறு பிரதி அவரிடமும் இல்லை.

நான் புறப்பட்ட காலையில், "கடையைத் திறக்கணும்" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு அம்மா போய்விட்டாள். பேருந்து நிறுத்தத்தில் அப்பாவும் நானும் என் பயணப் பெட்டியும்தான். திரும்பித் திரும்பிக் கடை இருந்த சந்துப் பக்கமே பார்த்தேன். பேருந்து வந்தது. படியில் கால் வைத்தபோது, "ஏய், நில்லுடி!" என்று ஒரு குரல். கடையைத் திறந்தது திறந்தபடி போட்டுவிட்டு, தேய்த்த என் சீருடையைக் கசங்காமல் உயர்த்திப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு. நான் எடுக்கலைன்னா விடாம பண்ணு."

கட்டிக்கொண்டேன். அவள் மேல் கஞ்சி வாசனை. ஓட்டுநர் ஹாரன் அடித்தார், அடிக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

வேலைக்கு வந்த ஊரின் நூலகத்தில் அதே நாவல் ஆங்கிலத்தில் கிடைத்தது. நின்றபடியே கடைசிப் பக்கத்தைப் படித்தேன். அடுப்படிக்காரி வெளியே வரவில்லை. வண்டிச் சத்தம் ஓயும்வரை அடுப்பையே பார்த்திருந்துவிட்டு, எழுந்து மகளின் தட்டைக் கழுவி வைக்கிறாள். அருமையான முடிவு, எழுதியவருக்கு ஒரு கும்பிடு. அம்மா அதைப் படித்திருந்தால் என்ன செய்திருப்பாளோ, எனக்குத் தெரியாது. அந்த இஸ்திரிப் பெட்டிக்கு நான் ஆயுசுக்கும் நன்றி சொல்வேன்.

அன்று போனில் அந்தப் புத்தகத்தைப் பார்த்தேன் என்றேன்.

"கிடைச்சுதா? அவ வெளிய வந்தாளா?"

"வந்தாம்மா. ரோடு வரைக்கும் ஓடி வந்தா."

"நான்தான் அன்னைக்கே சொன்னேனே!" என்றாள். பிறகு, எனக்குக் கேட்க வேண்டும் என்றே உரக்க, அப்பாவைக் கூப்பிட்டாள். "ஏங்க, அவ வந்துட்டாளாம்!"