சிவப்புக் குதிரையின் தாய்

2000 ஏப்ரல், ஒரு சனிக்கிழமை. மாலை ஏழு மணிக்கு ரிச்சர்ட்சனில் இருக்கும் மகள் வீட்டிலிருந்து கிளம்பினோம். டாலஸ் நகர மையம் பன்னிரண்டு மைல். ஃப்ரீவேயில் அரை மணி நேரம். மகள் கோமதி ஓட்டினாள்.

என் மனைவி இறந்த பிறகு நான் அமெரிக்கா வந்தது அதுவே முதல் முறை. வந்ததிலிருந்து சாப்பாடு, மாத்திரை தவிர மகள் என்னிடம் எதுவும் பேசவில்லை. காரணம் நான்தான். அவள் அம்மாவுக்குப் புற்றுநோய் என்பதைக் கடைசிவரை மறைத்தேன். அமெரிக்காவில் நிரந்தரமாகத் தங்க அவள் விண்ணப்பித்த கிரீன் கார்டு நடுவழியில் இருந்தது. அவள் ஊருக்குக் கிளம்பி வந்தால் எல்லாம் கெட்டுவிடும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். ஃபோனில் அம்மாவைக் கேட்டால், "கோயிலுக்குப் போயிருக்கா" என்பேன்.

அன்று காலை அவளாகவே சொன்னாள்: "சின்ன வயசுல நீங்க கதை சொன்ன குதிரை, இங்க ஒரு பில்டிங் மேல நிக்குதுப்பா. பாக்கலாமா?"

பார்க்கிங் ஐந்து டாலர். இருபத்தொன்பது மாடிக் கட்டடத்தின் உச்சியில், சிறகு விரித்த சிவப்பு நியான் குதிரை மெல்லச் சுழன்றது. முன்பு ஒரு எண்ணெய்க் கம்பெனியின் சின்னம். பழையது துருப்பிடித்துப் போனதால் இந்தப் புத்தாண்டுக்குப் புதிதாகச் செய்து ஏற்றியதாகப் பார்க்கிங் ஆள் பெருமையோடு சொன்னார்.

கல்லூரியில் ஆங்கிலம் நடத்திய பழக்கம் விடவில்லை. கிரேக்கக் கதையில் வரும் இந்தக் குதிரைக்குப் பெகாசஸ் என்ற பெயர் ஊற்றைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததாகப் பழைய கிரேக்கர்கள் நம்பினார்கள் என்றேன். அதன் குளம்பு பட்ட இடத்தில் ஊற்று பொங்கியதாம். அது கிரேக்கச் சொல்லே அல்ல, துருக்கிப் பக்கத்துப் பழைய மொழியொன்றில் மின்னலைக் குறித்த சொல் என்பது பிற்கால அறிஞர் சிலரின் கருத்து. விண்ணரசனுக்கு இடியும் மின்னலும் சுமந்த குதிரைக்கு அதுவும் பொருந்தும்.

"சரி, அதோட அம்மா யாரு?"

"மெடூசா. தலைமுடியெல்லாம் பாம்பு. அவ கழுத்தை வெட்டினப்போ அந்த ரத்தத்துலேர்ந்து பொறந்தது."

"எனக்கு மேகத்துலேர்ந்து குதிச்சதுன்னு சொன்னீங்க!"

"நீ பயந்துடுவேன்னு மாத்திட்டேன்."

"அப்பவே ஸ்டார்ட் பண்ணிட்டீங்க, இல்ல?"

குதிரை இன்னொரு சுற்று சுற்றி வந்தது.

எட்டரைக்குத் திரும்பினோம். ஃப்ரீவேயில் ஏறியதும் கேட்டாள்: "அம்மா என்னைக் கேட்டாங்களா?"

"தினம் கேட்டா. 'கோமுகிட்ட சொல்லிட்டேன், வந்துட்டிருக்கா'ன்னு அவகிட்ட சொன்னேன். அவளையும் ஏமாத்தினேம்மா. வாசல் தெரியற மாதிரி கட்டிலைத் திருப்பிப் போடச் சொன்னா. போட்டேன்."

வைப்பரைப் போட்டாள். மழை இல்லை. உடனே நிறுத்தினாள். ரிச்சர்ட்சனுக்குப் பிரியும் வழியின் பலகை கடந்து போனது.

"எக்ஸிட்டை விட்டுட்டியேம்மா."

"தெரியும்ப்பா. நீங்க சொல்லுங்க."