இருவருக்கான சீசன் கார்டு

புதுக்கோட்டை துணைமின் நிலையத்துக்கு மாற்றலாகி வந்தபின், என் மாலைகள் யாரோடும் பேசாமலே கழிந்தன. அதனால் ஊர் சபா வரும் சீசனின் கச்சேரிகளையும் நாடகங்களையும் அறிவித்ததும், போக வேண்டியவற்றைக் குறித்துக்கொண்டு சீசன் கார்டு வாங்கப் போனேன்.

அங்கே கார்டு எப்போதும் இருவருக்குத்தான். கணவனும் மனைவியுமாக வருவார்கள் என்று என்றோ ஏற்படுத்திய வழக்கம்.

“கூட வர்றது யாரும்மா?” என்றார் கவுண்டரில் இருந்தவர்.

“யாருமில்லைங்க. நான் மட்டும்தான்.”

“ஒத்தை ஆளுக்குக் குடுக்கிறதில்லையே. ஆபீஸ்ல யாரையாச்சும் சேத்துக்கிட்டு வாங்க.”

அப்படிக் கேட்கக்கூடியவர்களை மனதுக்குள் வரிசைப்படுத்திப் பார்த்தேன். ஒருவரும் தேறவில்லை. கிளம்பலாம் என்று திரும்பியபோது, எனக்குப் பின்னால் நின்ற நடுவயதுப் பெண் பேசினார்.

“எங்க வீட்டுக்காரருக்குப் பாட்டுன்னாலே ஆகாது. என்னையச் சேத்துக்கிறியாம்மா? கச்சேரிக்கெல்லாம் இலுப்பூர்லேருந்து வந்துருவேன். நாடகத்துக்கு மட்டும் கூப்பிடாத. நான் கொறட்டை விட்டா ஒனக்குத்தான் அசிங்கம்.”

கவுண்டரில் இருந்தவர் சிரித்துக்கொண்டே கார்டை எழுதினார்.

நான் குறித்திருந்தவற்றில் பெரும்பாலானவை நாடகங்கள். அந்த மாலைகளில் பக்கத்து நாற்காலி காலியாகத்தான் இருக்கும். அதை அந்த அம்மாவிடம் சொல்லவில்லை. முதல் கச்சேரிக்கு எந்தப் பஸ்ஸில் வருவார் என்று மட்டும் கேட்டேன்.