நாலு பேர் பார்ப்பாங்க

ரவாங்கில் நான் ஏறியபோது அந்த ஆன்டி கொமுட்டர் ரயிலின் பெண்கள் பெட்டியில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். எழுபது வயதிருக்கும். படிய வாரிய நரைமுடி, இஸ்திரி போட்ட பஞ்சாபி சூட். ஒவ்வொரு நிலையம் தாண்டும்போதும் மணிக்கட்டில் விரல் வைத்து நாடி பார்த்துக்கொண்டார்.

"நீ எங்கம்மா இறங்குவ?"

"சென்ட்ரல்ல, ஆன்டி. நீங்க?"

"கிள்ளான் வரைக்கும் போயிட்டுத் திரும்பிருவேன். அங்க ஒரு வேலையும் இல்ல லா. வீட்டுல தனியா இருந்தா நெஞ்சு படபடன்னு அடிக்குது. ஹார்ட் நல்லா இருக்குன்னு டாக்டர் சொல்லிட்டாரு. பயம்தான் போக மாட்டேங்குது. விழுந்தா யாருக்குத் தெரியும்? இங்கன்னா நாலு பேர் பார்ப்பாங்க இல்ல?"

பெட்டியில் எல்லோரும் கைப்பேசியில் குனிந்திருந்தார்கள்.

"பார்ப்பாங்க, ஆன்டி" என்றேன்.

பிள்ளைகளைப் பற்றிக் கேட்டேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு சமையல், மழை, விலைவாசி என்று என்னென்னவோ பேசினோம்.

திடீரென்று, "இப்ப படபடன்னு அடிக்கல பாரேன்!" என்றார், தன்னையே நம்பாதவர் போல.

சென்ட்ரல் வந்தது. நான் எழுந்ததும் என் பையின் வாரைப் பிடித்துக்கொண்டார்.

"அடுத்த ஸ்டேஷன்ல இறங்க முடியாதா?"

"வேலைக்கு நேரமாச்சு, ஆன்டி."

"சரி சரி, போ" என்று விட்டுவிட்டார்.

பிளாட்பாரத்தில் நின்று பார்த்தேன். என் இடத்தில் இயர்போன் மாட்டிய ஒரு பெண் உட்கார்ந்தாள். ஆன்டி அவளிடம் பேசிக்கொண்டே போனார். அவள் நிமிரவே இல்லை.

அதற்குப் பிறகு அவரை அந்த ரயிலில் காணவில்லை. சில காலைகளில் பெட்டி பெட்டியாகத் தேடியும் பார்த்தேன். அவரைப் பற்றி விசாரிக்கலாம் என்றால், அவரைத் தெரிந்த ஒருவரைக்கூட எனக்குத் தெரியாது.