கட்டிலுக்காக வந்த ரம்பம்

நான் தப்பு கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவள். பொம்மசந்திராவில் பம்ப் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் பதினோரு வருஷமாக இன்ஸ்பெக்ஷன் வேலை. அளவு சரியாக இருந்தால் பச்சைச் சீட்டு, இல்லாவிட்டால் சிவப்பு. எந்தச் சீட்டானாலும் அதில் இரண்டு கோடுகள் இருக்கும். ஒன்று செய்தவர் பெயருக்கு, இன்னொன்று சோதித்தவர் பெயருக்கு. என் பெயர் எப்போதும் இரண்டாவது கோட்டில்தான்.

வீட்டுக்கு வந்தாலும் புத்தி மாறாது. தோசை ஓரம் தடித்திருந்தால் சொல்லிவிடுவேன், அம்மா தைத்த தலையணை உறை கோணலாக இருந்தால் சொல்லிவிடுவேன். "குத்தம் சொல்றதுக்கு ஆள் ரெடி. நீயா ஒண்ணு செஞ்சு காட்டுடி, பாக்கலாம்" என்பாள் அம்மா. நான் டிவி சத்தத்தைக் கூட்டுவேன்.

ஒரு நாள் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பில் ஆபரேஷன் ஆனது. இனிமேல் தரையில் பாய் போட்டுப் படுக்கக் கூடாது என்றார் டாக்டர். மெத்தையோடு சேர்த்துப் பதினெட்டு இஞ்ச் உயரத்தில் கட்டில் வேண்டும், உட்கார்ந்தால் பாதம் முழுவதும் தரையில் பதிய வேண்டும். ஜீவனஹள்ளியில் எங்கள் முன்னறை எட்டுக்கு ஒன்பது. கடையில் கிடைக்கிற மூன்றடிக் கட்டிலைப் போட்டால் வாக்கர் நுழைய இடமில்லை. இரண்டரை அடி அகலத்தில் செய்துதான் ஆக வேண்டும்.

கார்பென்டரைக் கூப்பிட்டேன். "நாளைக்கு பக்கா மேடம்" என்றார். இந்தப் பக்காவை ஐந்து நாள் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை டிஸ்சார்ஜ் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். வியாழக்கிழமை டீ பிரேக்கில், வந்த கோபத்தில், பேட்டரியில் ஓடுகிற சின்ன வட்ட ரம்பம் ஒன்றை போனிலேயே ஆர்டர் செய்தேன். பழுதென்றால் திருப்பி எடுத்துக்கொள்வார்கள் என்று போட்டிருந்தது. அது போதும் எனக்கு. பழுது கண்டுபிடிப்பதில் என்னை மிஞ்ச ஆள் ஏது?

வெள்ளிக்கிழமை ரம்பம் வந்தது. சனிக்கிழமை லீவு போட்டுவிட்டு, மரக்கடையிலிருந்து வாங்கிய சட்டங்களையும் பிளைவுட்டையும் மொட்டைமாடிக்கு ஏற்றினேன். அங்கே பிளக் பாயின்ட் கிடையாது, அதனால்தான் பேட்டரி. துப்பட்டாவைக் கழற்றி வைத்தேன், கொண்டையை இறுக்கினேன், கம்பெனியில் தருகிற பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டினேன். கீழ் வீட்டு அக்கா மிளகாய் காயவைக்க மேலே வந்தவர், என்னைப் பார்த்ததும் முறத்தோடு படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்.

முதலில் ரம்பத்தைச் சோதித்தேன். சோறு வெந்த குக்கரைத் தூக்குகிற கைக்கு அது ஒரு கனமே இல்லை. பிளேடு டிபன் தட்டைவிடச் சிறியது. மூலைமட்டம் வைத்துப் பார்த்தேன், பிளேடு அடித்தட்டுக்கு நேர்செங்குத்தாக நின்றது. பிளைவுட்டின் மேல்பக்கம் வெட்டில் சிம்பு சிம்பாகப் பெயர்ந்தது. நல்ல முகத்தைக் கீழே திருப்பிப் போட்டு வெட்டியதும் நல்ல முகம் சுத்தமாக வந்தது. இரண்டு இஞ்ச் கால் சட்டத்தை ஒரே வீச்சில் அறுக்க பிளேடுக்கு ஆழம் போதவில்லை, புரட்டிப் போட்டு மறுபடி அறுக்க வேண்டியிருந்தது. பாதி வேலையில் பேட்டரி தீர்ந்து, ஒரு மணி நேரம் சார்ஜ் ஏறும்வரை அக்காவின் மிளகாய்க்குக் காவல் இருந்தேன். எல்லாவற்றையும் நோட்டில் எழுதினேன். அதுவரை சிவப்புச் சீட்டுக்கு வேலை வரவில்லை.

பிறகு கால்கள். பிளைவுட்டுக்கும் மெத்தைக்கும் மூன்று இஞ்ச் போக, நீளச் சட்டம் ஒன்றில் பதினைந்து பதினைந்து இஞ்சாக நான்கு கோடுகள் போட்டேன். மூலைமட்டம் வைத்து, சட்டத்தைச் சுற்றிலும், மயிரிழை பிசகாத கோடுகள். ஒவ்வொரு கோட்டுக்கும் வலது பக்கத்தில் பிளேடை ஒட்டி வைத்து அறுத்தேன். எல்லாவற்றையும் மாட்டி முடித்து, கட்டிலை நிமிர்த்தி வைத்தேன். ஆடியது. ஒரு மூலையை அழுத்தினால் எதிர்மூலை எழுந்தது.

இடுப்பில் ஆபரேஷன் ஆன அம்மாவை ஆடுகிற கட்டிலில் எப்படிப் படுக்க வைப்பேன்? பயத்தை மறைக்கக் கோபம்தான் வந்தது. மட்டமான ரம்பம் என்று அக்காவிடம் சொல்லிவிட்டு, போனை எடுத்து 'பழுதான பொருள்' என்பதை அழுத்தினேன். ஆதாரம் கேட்டது. ஆதாரமா, இதோ என்று கால்களைக் கழற்றி, என் சொந்த அளவுகோல்களால் அளந்து நோட்டில் எழுதினேன்.

முதல் கால் சரி. இரண்டாவது ஒன்று புள்ளி ஆறு மில்லி குறைவு. மூன்றாவது ஒன்று புள்ளி ஆறு. நான்காவது ஒன்று புள்ளி ஆறு.

பேனா நின்றுவிட்டது. மெஷின் கெட்டால் அளவு சிதறும். ஒன்று கூடும், ஒன்று குறையும். மூன்று துண்டும் ஒரே அளவு குறைந்தால் மெஷின் சொன்னபடி கேட்டிருக்கிறது, சொன்ன ஆள்தான் தப்பாகச் சொல்லியிருக்கிறாள். இதைக் கம்பெனியில் எத்தனை பேருக்கு விளக்கியிருக்கிறேன். பேட்டரியைக் கழற்றிவிட்டு, வெர்னியரால் பிளேடின் பல் தடிமனை அளந்தேன். ஒன்று புள்ளி ஆறு.

பிளேடு போகிற வழியில் அந்த அளவு மரம் தூளாகிப் போகும். முதல் காலுக்கு அப்புறம் ஒவ்வொரு காலின் தலையிலும் பிளேடு தன் பங்கை எடுத்திருக்கிறது. பதினோரு வருஷம் அடுத்தவர்கள் வெட்டியதை அளந்த எனக்கு, வெட்டும்போது என்ன காணாமல் போகும் என்று தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்துக்குள்ளேயே ஒரு சந்தோஷமும் பொங்கியது, ஏனென்றால் தப்பு கிடைத்துவிட்டது, அதுவும் என் கைக்குள் அடங்குகிற தப்பு. அக்காவைப் பார்த்து, "மெஷின் நல்லாத்தான் இருக்குக்கா. நான்தான் ரிஜெக்ட்" என்றேன்.

போனில் போட்டிருந்த புகாரை அழித்தேன். குறைந்த கால் ஒன்றை மிச்சச் சட்டத்தின் மேல் வைத்துக் கோடு போட்டு, பிளேடைக் கோட்டுக்கு வெளியே நிறுத்தி, முதல் காலுக்குப் பதிலாகப் புதுக் கால் ஒன்றை அறுத்தேன். இப்போது நான்கும் ஒன்று. அம்மாவின் முட்டிக்கு ஒன்றரை மில்லி தெரியப்போவதில்லை. மாட்டி நிமிர்த்தி, நானே ஏறி நின்று குதித்தேன். அக்கா முறத்தை வைத்துவிட்டு அவரும் ஏறினார். கட்டில் அசையவில்லை. கார்பென்டருக்குப் போன் போட்டு, இனிமேல் வர வேண்டாம் என்று ரொம்ப மரியாதையாகச் சொன்னேன். அவ்வளவு ருசியாக நான் யாரிடமும் மரியாதை காட்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை அம்மா வாக்கரை ஊன்றி உள்ளே வந்தாள். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் வாக்கர் தாராளமாக நுழைந்தது. மெல்ல உட்கார்ந்தாள், பாதம் இரண்டும் தரையில் பதிந்தன. நான் கை நீட்டுவதற்குள், வாக்கரைப் பிடித்துத் தானாகவே எழுந்து நின்றாள். மறுபடி உட்கார்ந்து விளிம்பைத் தடவிப் பார்த்தாள். யார் செய்தது என்று கேட்டாள். சொன்னேன். என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

"உங்க கம்பெனியில ஒரு சீட்டு எழுதுவியே, அதை எடுத்துக் குடு" என்றாள்.

பையில் எப்போதும் நாலைந்து கிடக்கும். பச்சை ஒன்றை எடுத்தேன். முதல் கோட்டில், செய்தவர் என்ற இடத்தில், என் பெயரை எழுதினேன். பழக்கத்தில் இரண்டாவது கோட்டுக்கும் பேனா போனது. அம்மா அதை என் கையிலிருந்து வாங்கி, சீட்டை வாக்கரின் மேல் கம்பியில் வைத்து அழுத்திப் பிடித்து, சோதித்தவர் என்ற இடத்தில் நிதானமாகத் தன் கையெழுத்தைப் போட்டாள்.