என் கணினிகள் இருந்த இடம்

மாப்பிள்ளை வீட்டார் வந்த ஞாயிற்றுக்கிழமை என் இரண்டு கணினிகளும் ஒன்றுடன் ஒன்று கதைத்துக்கொண்டிருந்தன. பூசை முடிந்து வந்ததும் தொடங்கிய அளவீடு. இடையில் விட்டுவிட்டுப் போனால் சரியாக ஓடுகிறதா என்று தெரியாமல் போய்விடும் என்று அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன்.

"அதுகள் கதைக்கட்டும். நீ வாயை மூடிக்கொண்டு வந்து தேத்தண்ணியைக் குடு," என்றார் அம்மா.

அப்போது நான் படிப்பை முடித்துவிட்டு, பள்ளிமுனையில் வீட்டில் இருந்தபடியே ஓர் ஆய்வில் உதவியாளராக வேலை செய்துகொண்டிருந்தேன். ஆய்வாளர்களுக்கென்று வெளிநாட்டில் அமைத்திருந்த சோதனை வலையமைப்பு ஒன்றில் எங்களுக்கு இரண்டு மெய்நிகர் கணினிகள் தந்திருந்தார்கள். மெய்நிகர் கணினிக்குத் தனியாகப் பெட்டி கிடையாது. பெரிய கணினி ஒன்றுக்குள் மென்பொருளால் உண்டாக்கிய கணினி அது. ஒன்றிலிருந்து மற்றதற்கு ஒரு சிறு செய்தியை அனுப்பி, பதில் வர எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று பார்ப்பேன். பிறகு ஒரு நொடியில் எவ்வளவு தரவைத் தள்ள முடிகிறது என்று பார்ப்பேன். பிறகு திரும்பவும் முதலிலிருந்து பார்ப்பேன். அப்பாவும் அண்ணாவும் கடலுக்குப் போய்வந்து, மீனை விற்று, படுத்து எழும்பும்போதும் நான் அதையேதான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

முடிவுகள் மிக நன்றாக இருந்தன. பதில்கள் உடனே வந்தன. தரவோ, அங்கே பெட்டிகளை இணைக்கும் வயர் தாங்கும் என்று எழுதியிருந்த அளவைவிடக் கூடுதலாகப் போனது. தரவு அனுப்புவதற்கு ஒரு புது முறையைத்தான் நாங்கள் சோதித்துக்கொண்டிருந்தோம். "எங்கட முறை நல்லா வேலை செய்யுது," என்று ஆய்வை நடத்திய விரிவுரையாளர் யாழ்ப்பாணத்திலிருந்து தொலைபேசியில் சொன்னார். இருவரும் சந்தோஷப்பட்டோம். சந்தோஷமாக இருக்கும்போது வயரைப் பற்றி ஆரும் யோசிப்பதில்லை.

படலையில் நின்ற கழுதையை விலத்திக்கொண்டு மாப்பிள்ளையும் அவருடைய பெரியம்மாவும் உள்ளே வந்தார்கள். மாப்பிள்ளை கதிரையில் இருந்து நிலத்தைப் பார்த்தார். பெரியம்மா என்னைப் பார்த்தார்.

"மகள் என்ன வேலை செய்யிறீங்கள்?"

"ரெண்டு கொம்பியூட்டர் கதைக்கிறதுக்கு எவ்வளவு நேரம் எடுக்குதெண்டு பாக்கிறன், அன்ரி."

அவர் மேசையில் இருந்த மடிக்கணினியைப் பார்த்தார். "மற்றது எங்க?"

"இது அதில்லை. இதால அதுகளைப் பாக்கிறது. அதுகள் ரெண்டும் வெளிநாட்டில."

"வெளிநாட்டில எங்க?"

நாட்டின் பெயரைச் சொன்னேன்.

"அந்த நாட்டில எங்க?"

"ஒரு கட்டடத்தில."

"ரெண்டும் பக்கத்தில பக்கத்திலயோ, தள்ளித் தள்ளியோ?"

"தெரியாது, அன்ரி."

பெரியம்மா கையிலிருந்த கேக்கைத் தட்டில் வைத்தார். "அப்ப எவ்வளவு தூரமெண்டு தெரியாமத்தான் எவ்வளவு நேரமெண்டு பாக்கிறீங்கள்."

"கேக்கைச் சாப்பிடுங்கோ," என்றார் அம்மா.

மாப்பிள்ளை நிலத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பெரியம்மாவுடன் பழகிப் பழகி வந்த பார்வையாக இருக்க வேண்டும்.

அவர்கள் போனதும் சோதனை வலையமைப்பை நடத்துபவர்களுக்கு எழுதினேன். என் இரண்டு கணினிகளும் எங்கே இருக்கின்றன என்று மட்டும் கேட்டேன். மறுநாள் மரியாதையாகப் பதில் வந்தது. வேறு வேறு பெட்டிகளில் வைக்கும்படி நாங்கள் கேட்டிருந்தது அவர்களுக்குத் தெரியுமாம். ஆனால் அந்த நேரம் இடம் இருக்கவில்லையாம். அதனால் இரண்டையும் ஒரே பெட்டிக்குள் வைத்தார்களாம்.

எங்கள் தரவு வயரைக் கண்டதேயில்லை. ஒரு பெட்டி தனக்குத் தானே கதைப்பதைத்தான் இத்தனை காலமும் அளந்திருக்கிறேன்.

விரிவுரையாளருக்கு அழைத்துச் சொன்னேன். "சேர்?" என்றேன்.

"லைன்லதான் நிக்கிறன். எல்லா நாளுமோ?"

"ஓம் சேர்."

"நான் மாநாட்டுக்குக் கட்டுரைச் சுருக்கத்தை அனுப்பிப்போட்டன்."

"தெரியும் சேர்."

"எப்பிடிக் கண்டுபிடிச்சனீங்கள்?"

"பொம்பிளை பாக்க வந்தவை கேட்டவை."

"அவை நெற்வேர்க் படிச்சவையோ?"

"இல்லை சேர். மாப்பிள்ளையின்ர பெரியம்மா."

பின்னேரம் கடற்கரையில் போய் நின்றேன். அழுகை வரும் என்று நினைத்தேன். சோளகக் காற்று முகத்தில் மண்ணை அடித்ததுதான் மிச்சம். வீட்டுக்கு வந்து முகம் கழுவினேன். விரிவுரையாளர் சுருக்கத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

அந்தக் கிழமையே கலியாணத் தரகர் வந்தார். பொம்பிளை நல்லம், வேலைதான் விளங்கவில்லை என்று அவர்கள் சொல்லிவிட்டார்களாம்.

"பக்கத்தில பக்கத்திலதான் இருக்கெண்டு சொல்லியிருந்தா முடிஞ்சுதுதானே," என்றார் அம்மா.

"அது சரியாத்தான் இருந்திருக்கும், அம்மா."

"அப்ப சொல்லியிருக்கலாம்."

பிறகு வலையமைப்பை நடத்துபவர்கள் கணினிகளை வேறு வேறு பெட்டிகளில் பிரித்து வைத்துத் தந்தார்கள். எல்லாவற்றையும் திரும்ப அளந்தேன். பதில்கள் பிந்தி வந்தன. சில வரவேயில்லை. எங்கள் முறை பழைய முறையைவிட நல்லதுதான், ஆனால் வலையமைப்பில் நெரிசல் கூடும்போது மட்டும், அதுவும் கொஞ்சம்.

"சின்ன முன்னேற்றம்தான்," என்றார் விரிவுரையாளர்.

"ஓம் சேர். ஆனா வயருக்குள்ளால போகுது."

அவர் சிரித்தார். அவர் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. கட்டுரையை எழுதி முடித்தபோது, நன்றி சொல்லும் இடத்தில் பெரியம்மாவின் பெயரையும் போடலாமா என்று கேட்டார். எனக்குப் பெயர் தெரியாது. அம்மாவுக்குத் தெரியும். அம்மாவிடம் கேட்கிற நிலைமை வீட்டில் இருக்கவில்லை.

கட்டுரை ஒரு சிறிய மாநாட்டில் வெளியானது. அண்ணா மடிக்கணினியில் அதைத் திறந்து படங்களை மட்டும் பார்த்தார்.

"கோடு கீழ போகுதே?"

"தாமதம் குறையுது. அது நல்லது."

"அப்ப சரி," என்றுவிட்டுச் சாப்பிடப் போனார்.