புறவாசல் கஞ்சி

1952இல் கைத்தறித் துணி விற்காமல் தேங்கியபோது தென்காசியில் பல தறிகள் நின்றன. மசூது தான் நெய்த துண்டுகளைத் தலையில் சுமந்துகொண்டு ஐந்தருவிக்குப் போவான். குளிக்க வந்த கூட்டத்தில் இரண்டு விற்றால் அதிகம். அவன் மனைவி அலிமாவுக்கு அப்போது முப்பது வயது இருக்கும். வீட்டில் மரவள்ளிக்கிழங்கும் தீர்ந்துபோன வாரத்தில், நெசவாளர்களுக்காகச் சர்க்கார் கஞ்சித்தொட்டி திறந்தது.

“ஊருக்கே துணி நெய்த கை இது. சட்டியத் தூக்கிட்டு வரிசைல நிக்கவா?” என்றான் மசூது.

அலிமா வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு தானே போனாள். வரிசையில் பெண் அவள் ஒருத்திதான். தன் பங்கை வாங்கியபின், பக்கத்து வீட்டு ஹாஜரா பீவிக்கும் ஓர் அகப்பை கேட்டாள்.

மேற்பார்வை அதிகாரி பால்வண்ணநாதன் மறுத்துத் தலையசைத்தார். “ஆளு நேர்ல வரணும்மா. உத்தரவு அப்படி.”

“பிள்ள பெத்து எட்டு நாளாவுது. அவ எப்படிய்யா வருவா? எங்க தெருப் பொம்பளைய பட்டினியாக் கெடந்தாலும் இங்கன வந்து நிக்க மாட்டாங்க. ஒரு நடை வந்து பாருங்க.”

அவர் வந்தார். உச்சிப்பொழுதில் எந்தக் கூரையிலும் புகை இல்லை. சாத்திய கதவு ஒன்றுக்குப் பின்னால் ஒரு குழந்தை அழுது அழுது குரல் தேய்ந்துகொண்டிருந்தது. அவர் சட்டைப்பையிலிருந்த உத்தரவை எடுத்துப் பிரித்து மறுபடி படித்தார்.

“உத்தரவ மாத்த எனக்கு அதிகாரமில்ல. ஆனா அண்டாவ எங்கன வைக்கணும்னு அதுல எழுதல.”

“எங்க பொறவாசல்ல வையிங்க. பின்னால முடுக்குச் சந்து வழியா யாரு கண்ணுலயும் படாம எல்லாரும் வந்திரலாம். நானே காய்ச்சுதேன்.”

மறுநாள் மாட்டுவண்டியில் அண்டா வந்தது. அரிசியும் பயறும் போட்டுக் காய்ச்சினாள். மதியம்வரை யாரும் எட்டிப்பார்க்கவில்லை. கல்யாண வீடுகளில் தங்களோடு ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து உண்டவளிடம் எப்படிக் கை நீட்டுவது? அவர்கள் தன் முன்னால் வந்து நிற்கவும்தான் கூசுகிறார்கள் என்று அலிமாவுக்கு அப்போதுதான் உறைத்தது. கதவை அகலத் திறந்துவைத்து, முடுக்கைப் பார்த்து உட்கார்ந்து, உள்ளி வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு முதல் சட்டியைத் தானே குடித்தாள்.

சற்று நேரத்தில் பிள்ளையைத் தோளில் போட்டபடி ஹாஜரா பீவி வந்து நின்றாள்.

“லாத்தா, தனியாவா குடிக்கிய?”

“துணைக்கு ஆளில்லாமத்தான்ட்டி உக்காந்திருக்கேன். வா.”

அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி, பிறகு இரண்டு பேர். பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லுமுன் அண்டா காலியானது.

மசூது மட்டும் மூன்று நாள் வெறும் தேத்தண்ணீரோடு கிடந்தான். நான்காம் நாள் கோடரியை எடுத்து, அண்டா அடுப்புக்கு விறகு பிளந்தான். முடித்ததும் அலிமா ஒரு சட்டியை அவன் பக்கம் நகர்த்தினாள். அவன் எடுத்துக் குடித்தான்.

மூன்று மாதம் அந்த அடுப்பு எரிந்தது. அதன்பின் துணிக்கு ஆர்டர் வரத் தொடங்கியது.

1965இல் அரிசி கிடைக்காமல் ரேஷனில் கோதுமை போட்டார்கள். அதை என்ன செய்வதென்று தெரியாத பெண்கள் அலிமாவைத் தேடி வந்தார்கள். அவளுக்கும் தெரியாது. இரண்டு தடவை குழைந்து பசையாகிப் போனது. மூன்றாம் தடவை திரிகையில் உடைத்து, வறுத்து, கறிவேப்பிலை தாளித்து வேகவைத்தாள். சூட்டோடு ஒரு வாய் போட்டு மென்றுபார்த்தாள்.

“சோறு ஆவாதுதான். ஆனா பசிய ஆத்தும். தட்ட எடுங்க.”