ஏழாவது படகு

மீன் ஆலையில் இருபத்திரண்டு வருஷமாக வெர்னாவும் நானும் எதிரெதிரே நின்று சிங்கி இறால் ஓட்டை உடைத்துச் சதை எடுக்கிறோம். அவள் கணவர் கிளைட், பதினோரு வருஷத்துக்கு முன், பருவத்தின் முதல் இறால் பொறிகளைக் கடலில் இறக்கும் நாளில் படகில் போனவர். படகும் கிடைக்கவில்லை, அவரும் கிடைக்கவில்லை. ஒவ்வொரு நவம்பரிலும் அந்த நாள் விடியலில் ஊரே துறையில் கூடும், போதகர் ஜெபம் பண்ணுவார். வெர்னா வருவாள். ஆமென் சொன்னதும், படகுகள் கிளம்புவதைப் பார்க்காமல் வீட்டுக்குத் திரும்பிவிடுவாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் நூலகத்தில் கதை வட்டம் உண்டு. யாராவது எழுதின கதையின் நகலை ஒரு வாரம் முன்பே தருவார்கள். தப்பைப் பென்சிலால் குறித்து வரவேண்டும். எழுதினவர் கடைசிவரை வாய் திறக்கக் கூடாது. பிறகு எல்லா நகலும் அவரிடமே போய்விடும். நாங்கள் இருவரும் டீக்காகப் போகிறவர்கள். வெர்னா அங்கே ஒரு வார்த்தை பேசினதில்லை.

அந்த வாரக் கதை, படகு எஞ்சின் பழுது பார்க்கும் ஹாலிஸ் எழுதினது. நல்ல மனுஷர். கதை சுமார்தான், கர்த்தர் மன்னிக்கட்டும். நாய் முதல் பக்கத்தில் கறுப்பு, மூன்றாம் பக்கத்தில் பழுப்பு. பொறி இறக்கும் நாளில் ஒருத்தி துறையில் நின்று எண்ணுகிறாள். காலையில் ஆறு படகு போகிறது. பொழுது சாயும்போது ஏழு வருகிறது. அடுத்த வரியிலேயே அவள் சூப் வைக்கப் போய்விடுகிறாள்.

திங்கட்கிழமை ஆலையில் வெர்னா கேட்டாள், "ஏழு வந்துச்சே, பாத்தியா?"

"எண்ணத் தெரியாம எழுதிட்டார் போல."

அவள் முகத்தைப் பார்த்ததும், ஏன்தான் சொன்னோமோ என்று ஆகிவிட்டது எனக்கு.

"நாலு நாளா அந்தப் பக்கத்தையே படிக்கிறேன். வியாழக்கிழமை எல்லாரும் பென்சிலைத் தூக்கிட்டு வருவாங்க. ஏழை ஆறாக்கிடுவாங்க."

"கதைதானேம்மா."

"தெரியும். அதான் வெக்கமா இருக்கு."

அந்த வாரம் அவளுக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. இரண்டு தரம் கையுறையோடு விரலைக் கீறிக்கொண்டாள். "ஒரு கதைக்காக ஜெபம் பண்றது பாவமா?" என்று கேட்டாள். இரண்டு பேரும் பண்ணினோம்.

வியாழக்கிழமை, பழைய மீனவர் லார்ன்தான் ஆரம்பித்தார். "ஆறு போச்சு, ஏழு வந்துச்சு. நடுக்கடல்ல ஒண்ணு குட்டி போட்டுச்சா ஹாலிஸ்?"

எல்லோரும் சிரித்தார்கள். ஹாலிஸுக்குக் காது சிவந்தது. பேசக் கூடாதே.

"வரும்போதும் ஆறுன்னு மாத்திடலாம்," என்றாள் நூலகக்காரி மர்ட்டில்.

"எதுக்கு? போகும்போதே ஏழுன்னு போட்டா முடிஞ்சுது," என்றார் இன்னொருவர்.

வெர்னா டீக் கோப்பையைக் கீழே வைத்தாள். "ரெண்டும் வேண்டாம்," என்றாள். "போகும்போது ஆறு. வரும்போது ஏழு. அப்படியே இருக்கட்டும்."

"கணக்கு இடிக்குதேம்மா," என்று தொடங்கின லார்ன், சொன்னது யார் என்று அப்புறம்தான் கவனித்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

கடைசியில் ஹாலிஸ் வாய் திறந்தார். "நான் எண்ணாமத்தான் எழுதினேன். யோசிக்கிறேன்." நகல்களை வாங்கிக்கொண்டு போய்விட்டார். வெர்னாவுடையதில் ஒரு பென்சில் கோடும் இல்லை.

ஈஸ்டருக்கு முன் வட்டத்தின் கதைகள் சின்னப் புத்தகமாக வந்தன. வெர்னா பிரிக்கப் பயந்து என்னிடம் நீட்டினாள். நாய் கடைசிவரை கறுப்பு. போகிற படகு ஆறு, வருகிற படகு ஏழு.

சந்தோஷப்பட்டாளா? அரை நாள். "என்னால ஹாலிஸை ஊரே கேலி பண்ணுமே," என்று அடுத்த கவலையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்படியேதான் நடந்தது. சனிக்கிழமை கடையில் நாங்கள் ரொட்டியோடு வரிசையில் நின்றோம். முன்னால் ஹாலிஸ். அவருக்கு முன்னால் நின்ற ஒருத்தன் திரும்பி, "எஞ்சின் போல்ட்டையும் இப்படித்தான் எண்ணுவீங்களாண்ணே?" என்றான்.

வெர்னா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அது தப்பில்லப்பா," என்றார் ஹாலிஸ், சில்லறையைத் தேடிக்கொண்டே. "ரெண்டாந்தரம் எண்ணிப் பாத்துத்தான் போட்டேன்."